செத்துப்போன மருந்து

அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக விலை ஏறியிருந்தது.

"அரைக் கிலோ டப்பா பதினெட்டாயிரங்க மேடம்" என்றாள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண்.

"போன வாரம் பதினஞ்சுன்னீங்களே?"

"போன வாரம் சண்டை ரெண்டு எடத்துல நடந்துச்சுங்க. இப்ப மூணு எடம்."

தக்காளி விலை சொல்வது போலத்தான் சொன்னாள். கோகிலவாணிக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. எங்கோ யாரோ ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதற்கு, கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை அட்டையில் வட்டம் பார்த்துச் சுடுகிறவள் ஏன் அழ வேண்டும் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டு என்ன ஆகப்போகிறது? கார்டை நீட்டினாள்.

கோகிலவாணிக்கு நாற்பத்தெட்டு வயது. தனியார் பால் பண்ணை ஒன்றின் ஆய்வகத்துக்குத் தலைவி. வாரத்தில் ஆறு நாள் பாலில் கிருமி தேடுவாள். ஏழாம் நாள் ரைபிள் கிளப்பில் முந்நூறு மீட்டர் தூரத்தில் இலக்கு தேடுவாள். கடைத் தோட்டா அவளுக்குப் பிடிக்காது. பதினைந்து வருடமாகத் தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்கிறவள். வீட்டு மாடி அறையில் அதற்கென்று ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு கைப்பிடி இயந்திரம். உரிமம் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. வெடிமருந்து என்று அவர்கள் யாரும் சொல்வதில்லை. வெறும் 'மருந்து'தான்.

போர்கள் வந்த பிறகு அந்த மருந்து கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது. உலகத்தில் எந்த ஆலையில் என்ன செய்தாலும் ராணுவங்கள் வாரிக்கொண்டு போயின. பொதுமக்களுக்கு விற்க அனுமதி வைத்திருந்தது கிணத்துக்கடவுக்கு அருகே இருந்த சுடரொளி கம்பெனி மட்டும். தலைக்கு மாதம் ஒரு டப்பா. அதுவும், முன்பு சுட்ட தோட்டாவின் பித்தளை உறைகளை ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்தால்தான். பித்தளைக்கும் பஞ்சம் என்பதால் அப்படி ஒரு சட்டம். மூட்டை மூட்டையாக உறைகள் ஆலைக்குப் போகும். கழுவி, புது மருந்து அடைத்து, ராணுவத்துக்கு அனுப்புவார்கள். டப்பாவோடு கழுவிய உறை கொஞ்சம் கிளப்புக்கும் திரும்பி வரும். கிளப்பில் அறுபது பேர் இருந்த இடத்தில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.

கோகிலவாணி விடாமல் இருந்ததற்கு விளையாட்டு மட்டும் காரணமில்லை. அவள் அண்ணன் சென்னியப்பன் காரமடைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் நேந்திரன் வாழை போட்டிருந்தார். யானை வரும் வழி. துப்பாக்கியை வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் அது திரும்பிப் போய்விடும். அவருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பதினொரு பேருக்கும் அந்தத் தோட்டாக்களை நிரப்பிக் கொடுத்தது கோகிலவாணிதான். தான் விளையாடுவதற்கும் மற்ற தோட்டக்காரர்களுக்கும் புது டப்பா. ஆனால் அண்ணனுக்கு மட்டும், போருக்கு முன்னால் வாங்கிப் பூட்டி வைத்திருந்த பழைய சரக்கிலிருந்துதான் போடுவாள். பத்து வருடமாக ஒரு தடவை கூட ஏமாற்றாத மருந்து அது.

புரட்டாசி கடைசியில் ஒரு காலை, ஆறரை மணிக்கு, ஒற்றைக் கொம்பன் ஒன்று வாழைக்குள் நின்றது. சென்னியப்பன் துப்பாக்கியோடு வரப்பில் ஏறினார்.

நடந்ததைச் சொன்னது அண்ணி வளர்மதி. களத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"மொதல்ல ஒண்ணு போட்டாரு கோகிலா. டிக்குன்னு சத்தம். ரெண்டாவதும் டிக்குன்னுச்சு. மூணாவதயும் போட்டாரு. அதுக்கப்புறம் மனுசன் ஓடக்கூட இல்ல. துப்பாக்கியவே பாத்துட்டு நின்னாரு. என்ற தங்கச்சி போட்ட தோட்டா வெடிக்காமப் போயிருமான்னு நெனச்சிருப்பாராட்ட இருக்குது."

அதைக் கேட்டுவிட்டு கோகிலவாணி அழவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், யானை மிதித்த அண்ணனின் பிணத்தைக் குளிப்பாட்டப் போட்டிருந்த பலகையின் ஓரத்தை நகம் பெயரும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணனிடமிருந்த மிச்சத் தோட்டாக்களைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. ஆனால் அதே நாளில் நிரப்பியவற்றில் பத்து அவள் வீட்டில் இருந்தன. மூன்றாம் நாள் அவற்றில் ஒன்றைப் பால் பண்ணை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ப் பிரித்தாள். கறுப்பாய், மினுமினுப்பாய் இருக்க வேண்டிய மணிகள் வெளிறி, பிசுபிசுத்துக் கிடந்தன. முகர்ந்து பார்த்தாள். இருபத்தைந்து வருடமாக அவள் மூக்குக்குத் தெரிந்த வாடை. புளித்த தயிர்.

மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். குச்சி குச்சியாக ஆயிரக்கணக்கில் நெளிந்தன. மருந்தைத் தின்று கொழுத்த கிருமிகள். பலவற்றின் வயிற்றில் முத்துப் போல ஒரு வித்து. வெயில், பனி, கொதிநீர் எல்லாவற்றையும் தாங்கி வருடக்கணக்கில் தூங்கும் வித்து அது. பாலில் அதைக் கண்டால் டேங்கர் பால் முழுவதையும் சாக்கடையில் கொட்டச் சொல்வாள்.

வீட்டுக்கு வந்து சுடரொளி டப்பாவைத் திறந்தாள். அதிலும் அதே கிருமிதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் சுடரொளி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் தொழில்நுட்ப மேலாளர் பிரசன்னா. முப்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் குடும்பப் படம், பக்கத்தில் ஏற்றுமதி விருது.

"ஈரமான எடத்துல வெச்சிருப்பீங்க மேடம்" என்றான், எடுத்த எடுப்பிலேயே.

கோகிலவாணி தன் பையிலிருந்து ஒரு மூடிய கண்ணாடித் தட்டை எடுத்து அவன் முன் வைத்தாள். "இது உங்க டப்பாவுல இருந்து வளந்தது. நான் பால் லேப்ல இருக்கறவ. ஈரத்துக்கும் கிருமிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும் தம்பி."

பிரசன்னா எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"பொதுமக்களுக்கு விக்கறதுக்கு மேலிடத்துல ஒத்துக்கவே இல்லீங்க. ஆளாளுக்கு வாங்கிப் பதுக்குவாங்க, அது கண்ட கைக்குப் போகும்னு சொன்னாங்க. ஆறு மாசத்துல தானாச் செத்துரும்னு எழுதிக்கொடுத்துதான் அனுமதி வாங்கினோம். அதுக்காகத்தான் இந்தக் கிருமி."

"டப்பா மேல ரெண்டு வருஷம்னு போட்டிருக்குதே?"

"ஆறு மாசம்னு போட்டா அந்த வெலைக்கு யாரு மேடம் வாங்குவா?"

அவள் கை மேசைக்கு அடியில் முஷ்டியானது. "என்ற அண்ணன் செத்துட்டாருடா."

"எனக்கும் வருத்தந்தானுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். அவரு தோட்டாவுல எங்க மருந்தா இருந்துச்சு? பழைய சரக்கு போட்டேன்னு நீங்களே போலீசுல சொல்லியிருக்கீங்க. எங்க கிருமி டப்பாவத் தாண்டி வராதுங்க. வித்துக் கட்டாத ரகமாப் பாத்துத்தான் எடுத்தோம். வெளிக்காத்துல ஒரு மணி நேரத்துல செத்துரும். அதனால பழைய மருந்து கெட்டதுக்கு நாங்க பொறுப்பில்ல."

கோகிலவாணி அவனையே பார்த்தாள். இவனுக்குத் தெரியாது. அது வித்துக் கட்டக் கற்றுக்கொண்டுவிட்டது என்று இவனுக்குத் தெரியவே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத தூசியாய், ஒரு பித்தளை உறையின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு அவள் மேசைக்கு வந்து, அண்ணனுக்காகப் பூட்டி வைத்த மருந்துக்குள் போயிருக்கிறது. அதைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"ஒரு தொகை யோசிக்கலாமுங்க" என்றான் பிரசன்னா. "வாழைக்காரங்க குடும்பந்தானே. பெருசா எதிர்பாக்க மாட்டாங்க."

அவள் கண்ணாடித் தட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "இதோட ரிப்போர்ட்டப் பேப்பர்ல போடுவேன். டிவில போடுவேன். உன்ற ஆலைக்குப் பூட்டு விழுகற வரைக்கும் ஓய மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வாசலில் ஒரு லாரி நின்றது. கூலியாட்கள் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை அவிழ்ந்து பித்தளை உறைகள் கலகலவென்று சிமெண்டில் கொட்டின. ஊரூராய்க் கிளப்புகளிலிருந்து சட்டப்படி திரும்பி வந்தவை. அதே வாசலின் மறுபக்கம் பச்சைத் தார்ப்பாய் போட்ட லாரிகள், ராணுவத்துக்கான பெட்டிகளோடு புறப்படக் காத்திருந்தன.

கோகிலவாணி அங்கேயே நின்றுவிட்டாள். எத்தனை மாதமாக இந்த உறைகள் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன? பித்தளை மங்காமலிருக்க வெதுவெதுப்பான நீரில்தான் கழுவுவார்கள். வித்துக்கு அது வெறும் குளியல், சாகாது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு யாழினி வந்தாள். சென்னியப்பனின் ஒரே மகள். ராணுவத்தில் லெப்டினன்ட். எல்லையில் பனிமலை மேல் ஒரு காவல் சாவடியில் இருந்தாள். அப்பன் செத்த அன்று பனிச்சரிவால் வழி அடைத்து, வர முடியாமல் போன பெண். சடங்கு முடிந்ததும் அத்தையும் மருமகளும் மிதிபட்ட வாழைக்குள் நடந்தார்கள்.

கோகிலவாணி எல்லாவற்றையும் சொன்னாள். கிருமி, டப்பா, பிரசன்னா பேசியது, திரும்பிப் போகும் உறைகள். யாழினி சாய்ந்து கிடந்த ஒரு வாழையைப் பூட்ஸ் காலால் ஓங்கி உதைத்தாள். மறுபடியும் உதைத்தாள். நார் நாராய்ப் போகும்வரை உதைத்தாள்.

"அவன விட்றாதீங்க அத்தை."

"விட மாட்டேன் கண்ணு. ஆனா அதுக்கு முன்னால நீ ஒண்ணு சொல்லு. உங்க தோட்டாவெல்லாம் எப்படி இருக்குது? சுட்டுப் பாத்தியா?"

யாழினி சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். யாருமில்லை.

"நாலு மாசமா எங்க சாவடியில ஒண்ணும் வெடிக்கல."

"ஐயோ சாமி! மேல சொன்னீங்களா?"

"சொல்லல. ஏன்னு கேளுங்க." அவள் ஒரு மண்கட்டியை எடுத்து விரல்களில் நசுக்கினாள். "ஆனி மாசம் ரோந்து போறப்ப ஒரு வளைவுல அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தன் எதிர்ல வந்துட்டான். இருவதடி தூரம். அவன்தான் மொதல்ல அழுத்துனான். டிக்குன்னுச்சு. நானும் அழுத்துனேன். டிக். மறுபடி அவன், மறுபடி நான். அப்புறம் ரெண்டு பேரும் மூச்சு வாங்கிட்டுச் சும்மா நின்னோம். அவனுக்கு மீசை கூட சரியா முளைக்கல அத்தை. திடீர்னு சிரிச்சுட்டான். பயத்துலதான். நானும் சிரிச்சுட்டேன்."

"அவங்களுக்கு எப்படி இந்தக் கிருமி..."

"அவங்க விட்டுட்டுப் போன பெட்டி ஒண்ணு கெடச்சுது. பேரச் சொரண்டியிருந்தாங்க. ஆனா அடியில இருக்கற முத்திரை எங்க பெட்டியில இருக்கறதுதான். வேற நாடு வழியாச் சுத்திப் போயிருக்கும். சுடரொளிக்காரன் ரெண்டு பக்கமும் விக்கறான்."

கோகிலவாணி மிதிபட்ட ஒரு தண்டின் மேல் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு இருந்து அந்த மலையில ஒரு உயிர் போகல" என்றாள் யாழினி. "டிரோன்ல வர்ற குண்டுக்கும் அதே மருந்துதானே, விழுந்து கல்லாட்டம் கெடக்குது. பேச்சுவார்த்தை பலிச்சிருச்சுன்னு டிவியில சொல்றாங்கல்ல? அது பேச்சுவார்த்தை இல்ல. எங்க சாவடிக்கும் தெரியும், அவங்க சாவடிக்கும் தெரியும். ரெண்டு பக்கமும் மேல சொல்லல. சொன்னா புது மருந்து வந்துரும்."

யாழினி அத்தை பக்கம் திரும்பினாள்.

"நீங்க இத வெளிய சொன்னா, சரி பண்ண எத்தனை நாளாகும்?"

"காரணம் தெரிஞ்சா ஒரு மாசம். உறைய நல்ல நீராவியில வெச்சு எடுத்தாலே போதும்."

"அப்ப அடுத்த மாசம் அவன் அழுத்தினா வெடிக்கும்."

"ஆமா கண்ணு."

"நான் அழுத்தினாலும் வெடிக்கும்." யாழினி கையிலிருந்த மண்ணை உதறினாள். அழுதுகொண்டிருந்தாள். "எங்கப்பனக் கொன்னவன் நல்லா இருக்கக்கூடாது அத்தை. எனக்கு அதுவும் வேணும். நான் திரும்பியும் வரோணும். ரெண்டும் வேணும்னா எப்படி? எனக்குத் தெரியல. நீங்களே முடிவு பண்ணுங்க."

அவள் மறுநாள் ரயிலேறிவிட்டாள்.

கோகிலவாணி அந்த வாரம் முழுக்க ஸ்கூட்டரில் மலையடிவாரத் தோட்டங்களைச் சுற்றினாள். பதினொரு வீட்டிலும் ஏறி, தான் கொடுத்த தோட்டாக்களை ஒன்று விடாமல் திரும்ப வாங்கினாள். "நான் நிரப்புனதுல கோளாறுங்க. இத நம்பி வெளிய போயிராதீங்க. பட்டாசு வெச்சுக்குங்க, அதுல இருக்கறது வேற மருந்து, அது கெடாது" என்றாள். ஒரு வீட்டில் தோட்டாக்களை அவள் காலடியில் எறிந்தார்கள். குனிந்து பொறுக்கிக்கொண்டாள். இன்னொரு வீட்டுக்காரர், "உன்ற வெளையாட்டுக்கு எங்க உசுருதான் கெடச்சுதா?" என்று கேட்டார். அந்த வீட்டுத் தோட்டாக்களையும் எண்ணிப் பையில் போட்டாள். இப்படிப் பேச்சு வாங்கும் ஒவ்வொரு தடவையும் பிரசன்னாவின் சாத்திய கதவும் ஏற்றுமதி விருதும் கண்முன் வந்தன.

கோட்டாட்சியர் விசாரணை ஐப்பசியில் நடந்தது. சின்ன அறை. முன்வரிசையில் வளர்மதி, வெள்ளைப் புடவையில். பின்னால் சுடரொளியின் வக்கீலும் பிரசன்னாவும். பிரசன்னாவின் முகம் வெளுத்திருந்தது. கோகிலவாணி பேப்பரில் போடுவேன் என்று சொல்லிப் போன நாளிலிருந்து அவன் தூங்கியிருக்க மாட்டான்.

"அந்தத் தோட்டாக்களை நிரப்பியது நீங்கள்தானே?" என்றார் கோட்டாட்சியர்.

"நான்தானுங்க."

"ஆய்வில் மருந்து கெட்டிருந்தது என்று வந்திருக்கிறது. எப்படிக் கெட்டது? நீங்கள் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர். உங்களுக்குத் தெரிந்திருக்கும்."

அவளுக்குத் தெரிந்தது. வரிக்கு வரி தெரிந்தது. கிருமியின் படம் இருந்தது, வளர்ப்பு இருந்தது, டப்பா இருந்தது. ஐந்து நிமிடம் பேசினால் பின்வரிசையில் இருப்பவன் கையில் விலங்கு விழும். அண்ணன் நம்பியது வீண் போகவில்லை என்று ஊருக்குத் தெரியும். அவள் கை சுத்தம் என்று அண்ணிக்குத் தெரியும்.

இருபதடி தூரத்தில் நிற்கும் ஒரு பையனின் விரல் துப்பாக்கி விசையில் இருந்தது. அவனுக்கு எதிரில் யாழினி.

"மேசை ஈரமா இருந்துச்சுங்க" என்றாள் கோகிலவாணி. "மழை நாள். நான் கவனிக்கல. என்ற கைப்பிசகுதானுங்க."

"சுடரொளி மருந்தில் ஏதாவது குறை?"

"அது பழைய சரக்குங்க. அவங்க மருந்து இல்ல."

சொல்லும்போது குரல் நடுங்கியது. கேட்டவர்கள் அதைக் குற்ற உணர்ச்சி என்று நினைத்திருப்பார்கள்.

உரிமம் ரத்து, துப்பாக்கி பறிமுதல், கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் பதிய உத்தரவு. எழுதி வாசித்தார்கள். கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவில் வளர்மதி வழிமறித்தாள். முப்பது வருடம் தன் கையால் சோறு போட்டவள்.

"மழை நாளுன்னு தெரிஞ்சு ஏண்டி போட்ட? உன்ற அண்ணனுக்குத்தானே போடற, ஒரு துணி எடுத்துத் தொடைக்கத் தெரியாதா உனக்கு?"

"அண்ணி..."

"கூப்படாத. இனி என்ற வாசல மிதிக்காத. யாழினி கூப்புட்டாலும் வராத."

யாழினி பெயரைக் கேட்டதும் கோகிலவாணிக்கு எல்லாம் உடைந்து வெளியே வந்துவிடும் போலிருந்தது. ஒரே ஒரு வார்த்தை அண்ணியின் காதில் சொன்னால் போதும். ஆனால் அண்ணி பொறுத்துக்கொள்கிற ஆள் இல்லை. இந்த வராந்தாவிலேயே மண்ணை வாரித் தூற்றுவாள். கோகிலவாணி கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வளர்மதி காறித் தரையில் துப்பிவிட்டுப் போனாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் பிரசன்னா காத்திருந்தான். உயிர் திரும்பி வந்த முகம்.

"மேடம், ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு. நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு நான் எதிர்பாக்கவே இல்ல. வழக்குச் செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"உங்க காசு ஒண்ணும் வேண்டாம்."

"இல்லீங்க, எங்களாலான உதவி..."

"கம்பெனி எப்படிப் போகுது?" என்று கேட்டாள். அவள் குரலே அவளுக்கு வேற்றாள் குரல் போலக் கேட்டது.

அவன் முகம் மலர்ந்தது. கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் போலச் சொன்னான். "ஓகோன்னு போகுதுங்க மேடம். இந்த மாசம் மட்டும் பதினாலு நாட்டுக்கு ஆர்டர். சண்டை போடறவங்க எல்லாரும் நம்மகிட்டத்தான். உறைக்குத்தான் தட்டுப்பாடு, கிளப்புல இருந்து வர்றதையும் அந்த ஆர்டருக்குத்தான் போடறோம்."

"உறைய எப்படிக் கழுவறீங்க?"

"வெதுவெதுப்பான தண்ணிதானுங்க. ஏன் மேடம்?"

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, முகத்தில் ஓங்கி அறைந்து, அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் போலிருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வாரை இழுத்து இறுக்கினாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "அப்படியே கழுவுங்க. ஒரு நாடு விடாம அனுப்புங்க. சீக்கிரமா அனுப்புங்க."

"கண்டிப்பாங்க மேடம்" என்று கும்பிட்டான் பிரசன்னா.